விலகி நிற்கும் கேமரா: இந்தோனேசியக் காட்டிலும் கடலிலும் உயிரினப் படப்பிடிப்பு

இந்தோனேசியா 17,000-க்கும் மேற்பட்ட தீவுகளால் ஆன நாடு. பனியுகங்களில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது சுமத்ரா, ஜாவா, போர்னியோ ஆகிய மேற்குத் தீவுகள் ஆசியப் பெருநிலத்தோடு ஒட்டியிருந்தமையால் அங்கே புலியும் காண்டாமிருகமும் பரவின. கிழக்கிலுள்ள நியூ கினி ஆஸ்திரேலியாவோடு ஒட்டியிருந்தமையால் அங்கே மரக் கங்காருகள் நிலைபெற்றன. ஆசிய விலங்கினங்களில் பெரும்பாலானவை கடக்காத எல்லையாகப் பாலித் தீவுக்கும் லொம்போக் தீவுக்கும் இடையிலான ஆழ்ந்த நீரிணையை 19ஆம் நூற்றாண்டில் இயற்கையியலாளர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலேஸ் சுட்டிக்காட்டினார். அது இன்று வாலேஸ் கோடு எனப்படுகிறது. பிலிப்பைன்ஸ் முதல் சாலமன் தீவுகள் வரை ஆறு நாடுகளின் கடலில் விரியும் பவள முக்கோணத்தின் நடுவிலும் இந்நாடே இருக்கிறது; உலகின் பவள இனங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அம்முக்கோணத்தில் வாழ்கின்றன.

இத்தனை இனங்கள் செறிந்த நாட்டில் படமெடுப்பது எளிது என்று தோன்றலாம். ஆனால் மழைக்காட்டில் இனங்கள் பலவாக இருந்தாலும் ஒவ்வோர் இனத்தின் எண்ணிக்கையும் பெரும்பாலும் குறைவு. இலைக்கூரையைத் தாண்டித் தரைக்கு வரும் ஒளி சொற்பம். மனித வாடையையோ ஓசையையோ உணர்ந்த விலங்கு மறைந்துவிடும், அல்லது தன் இயல்பை மாற்றிக்கொள்ளும். அதனால் இங்கு உயிரினப் படப்பிடிப்பின் வளர்ச்சி என்பது, மனிதன் படிப்படியாக விலங்கின் பார்வையிலிருந்து விலகிச் சென்ற வளர்ச்சியாகவே அமைந்தது.

1956-ல் டேவிட் அட்டன்பரோ பிபிசி தொலைக்காட்சிக்காகக் கொமோடோ தீவுக்குச் சென்று உலகின் மிகப்பெரிய பல்லியினமான கொமோடோ உடும்பைப் படமெடுத்தபோது, இறந்த ஆட்டை இரையாக வைத்தே அதை வரவழைத்தார். அக்காலத்தில் அது வழக்கமான முறை. ஆயினும் இரை காட்டி அழைக்கப்பட்ட விலங்கு, அது எப்படித் தின்னும் என்பதைக் காட்டுமேயன்றி, எங்கே அலையும், எப்படி வேட்டையாடும் என்பதைக் காட்டாது.

அரை நூற்றாண்டுக்குப் பின், ஒளிப்படக் கலைஞரும் உயிரியலாளருமான டிம் லேமனும் பறவையியலாளர் எட்வின் ஷோல்ஸும் 2004 முதல் 2011 வரை நியூ கினியிலும் அருகிலுள்ள தீவுகளிலும் பயணம் செய்து, அன்று அறியப்பட்டிருந்த 39 சொர்க்கப் பறவை இனங்களையும் பதிவு செய்தனர். ஆரு தீவுகளில் லேமன் உயர்ந்த மரத்தில் ஏறி, இலைகளால் மறைத்த கேமராவைக் கிளையில் பொருத்திவிட்டு, தொலைவிலிருந்த மறைவிடத்தில் அமர்ந்து மடிக்கணினி வழியாக அதை இயக்கினார். பெட்டையைக் கவர ஆண் பறவை ஆடும் ஆட்டம் இவ்வாறு இடையூறின்றிப் பதிவானதால் அப்பதிவுகள் அறிவியல் சான்றுகளாயின. நியூ கினியின் மேற்குமுனையில் வாழும் ஒரு கருஞ்சொர்க்கப் பறவை, கிழக்கே பரவியுள்ள அதன் உறவினத்தைப் போலத் துள்ளாமல் பக்கவாட்டில் வழுக்கியபடி நகர்கிறது என்பதையும், கழுத்திறகுகளை விரிக்கையில் நீள்வட்டமாக அன்றிப் பிறைவடிவமாகத் தோன்றுகிறது என்பதையும் 2018-ல் வெளியான ஆய்வு படப்பதிவுகளைக் கொண்டு விளக்கி, அது தனி இனம் என்ற கருத்துக்கு வலுச்சேர்த்தது.

கடலில் இடர்ப்பாடு வேறு வகையானது. நீர் சிவப்பு ஒளியை விரைவாக உறிஞ்சுவதால் சுமார் பத்து மீட்டர் ஆழத்திலேயே செந்நிற மீனும் சாம்பலாகத் தெரியும்; எனவே கூடவே விளக்கு வேண்டும். அந்த விளக்கு கேமராவின் கண்ணாடியை ஒட்டி இருந்தால் நீரில் மிதக்கும் துகள்கள் ஒளிர்ந்து படத்தைக் கெடுக்கும் என்பதால் அதை நீண்ட கைகளில் பக்கவாட்டில் விலக்கிப் பொருத்துகின்றனர். மூச்சுவிடும்போது எழும் குமிழிகளின் ஓசை மீன்களை விரட்டுவதால், வெளிவிட்ட காற்றிலிருந்து கரியமில வாயுவை நீக்கி உயிர்வளியைச் சேர்த்து மீண்டும் சுவாசிக்கத் தரும் மறுசுழற்சிக் கருவியைச் சிலர் அணிகின்றனர். சுலவேசியின் கழிமுகச் சேற்றில் 1998-ல் கண்டறியப்பட்ட ஓர் ஆக்டோபஸ் இனம், தட்டைமீன், கடற்பாம்பு முதலியவற்றைப் போல உருமாறி நீந்துவதும், வேறோர் இனம் தேங்காய்ச் சிரட்டைகளைச் சுமந்து சென்று பின்னர் அவற்றைக் கூடாக்கிக்கொள்வதும் படமெடுக்கப்பட்டன. இரண்டாவது நடத்தை, முதுகெலும்பற்ற உயிர்களும் கருவிகளைப் பயன்படுத்தும் என்பதற்குச் சான்றாக 2009-ல் வெளியிடப்பட்டது.

மனிதனே இல்லாமல் இயங்கும் கருவி தானியங்கி கேமரா. வெப்பமுள்ள உடல் எதிரே அசைந்தால் அதை உணர்ந்து இயங்கும் இக்கருவி, விலங்குகளின் கண்ணுக்குப் பெரும்பாலும் புலப்படாத அகச்சிவப்பு ஒளியால் இரவிலும் பதிவு செய்கிறது. ஜாவாக் காண்டாமிருகத்தின் ஒரே வாழிடமான உஜுங் குலோன் தேசியப் பூங்காவில் கணக்கெடுப்பு இதை நம்பியே நடக்கிறது. நியூ கினித் தீவின் பப்புவாவிலுள்ள சைக்ளோப்ஸ் மலைகளில், 1961-ல் கிடைத்த ஒரே மாதிரியால் மட்டும் அறிவியலுக்குத் தெரிந்திருந்த, அட்டன்பரோவின் பெயரைத் தாங்கிய நீள்மூக்கு எகிட்னா என்னும் முட்டையிடும் பாலூட்டி, 2023-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தினர் இந்தோனேசிய அமைப்புகளோடு சேர்ந்து வைத்த கேமராவில், கடைசி நினைவக அட்டையில் பதிவாகியிருந்தது. மலையடிவார யோங்சு சபாரி மக்களோ அதை முன்பே அறிந்திருந்தனர். பூசல் மூண்டால் ஒரு தரப்பு காட்டில் எகிட்னாவையும் மறுதரப்பு கடலில் மார்லின் மீனையும் தேடிப்போக வேண்டும் என்பது அவர்களின் மரபு. இரண்டும் அகப்படுவது அரிது; அகப்பட்டால் பகை முடிந்ததாகக் கொள்வர்.

எனினும் தொலைவு காக்கும் ஒழுங்கு எல்லா இடங்களிலும் பேணப்படுவதில்லை. சேற்றடியில் ஒளிந்திருக்கும் சிற்றுயிரைக் குச்சியால் குத்தி வெளியேற்றுவதும், நல்ல பின்னணிக்காக இடம்மாற்றுவதும் மூழ்குநர்களிடையே நிலவும் தவறுகள். இவை உயிருக்குத் தீங்கு என்பதோடு, அச்சத்தால் பிறந்த அசைவை இயல்பான நடத்தை எனக் காட்டுவதால் சான்றையும் பொய்யாக்குகின்றன. ஆகவே படமெடுப்பவர் விலங்குக்கு இடையூறு செய்யாதிருப்பது கருணையால் மட்டும் ஏற்கும் கட்டுப்பாடு அன்று. பதிவானதை உண்மை என்று நம்புவதற்கான முதல் நிபந்தனையும் அதுவே.