நின்றுகொண்டே கேட்கும் பாட்டு

நம் அக்காள் மகனுக்கு வயது இருபது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் காலனி வீடு. அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் மூன்றாமாண்டு படிக்கிறான். தனக்கென்று ஓர் அறை கிடையாது. கட்டிலை ஒட்டிய சுவர்தான் அவன் இடம். அந்தச் சுவரில் நடிகர் படம் எதுவும் இல்லை. அம்பேத்கர் படம் ஒன்று, பக்கத்தில் ஓர் இசைக்குழுவின் சுவரொட்டி. 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு அது. அதில் கிடார் யார், சட்டி யார், பறை யார், எந்தப் பாட்டை எந்த மேடையில் முதலில் பாடினார்கள் என்பதையெல்லாம் நம் காலத்துப் பையன்கள் கிரிக்கெட் ரன் கணக்கு சொன்னதுபோல ஒப்பிப்பான்.

பத்திரிகைகள் 'சுயாதீன இசை' என்று எழுதுகின்றன. பையன்கள் 'இண்டி' என்கிறார்கள். என்னடா அது என்று கேட்டோம். "சினிமாவுல ஹீரோவுக்காகப் பாட்டு போடுவாங்க மாமா. இதுல பாடுறவன் அவனுக்காகப் போடுறான்" என்றான். அதைவிட எளிதாக நம்மால் விளக்க முடியாது. படத்துக்கு எழுதாமல், பெரிய கம்பெனி கூப்பிடும்வரை காத்திராமல், தாங்களே எழுதி, மெட்டமைத்து, தங்கள் பெயரிலேயே வெளியிடுவது. டென்மாவும் கபேர் வாசுகியும் சேர்ந்து 'குரங்கன்' என்ற குழுவை அப்படித்தான் நடத்தினார்கள். அந்த டென்மாதான் பின்னால் காஸ்ட்லெஸ் கலெக்டிவுக்கு இசை வழிகாட்டியானார்.

அக்குழுவின் முதல் நிகழ்ச்சிக்கு நாம் போயிருந்தோம். 2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானம். நம் மாவட்டத்திலிருந்து நான்கு பேர் ரயிலேறிப் போனோம். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து, தேர்வு வைத்து எடுத்த 19 பேர் மேடையில் இருந்தார்கள். கானா பாடகர்கள், ராப் பாடகர்கள், கிடார், டிரம்ஸ், அவற்றோடு பறை, சட்டி, டோலக். 19 பேரில் ஒரே பெண் இசைவாணி. 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். எல்லாரும் கோட்டு சூட்டில் வந்தார்கள். கோட்டு போட்ட ஒருவர் பறையைத் தோளில் மாட்டியபடி மைக் முன்னால் வந்து நின்றபோது, நம்மோடு வந்திருந்த தமிழாசிரியர் ஒருவர் வாய் திறக்காமல் நம் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய அப்பா சாவுக்குப் பறையடித்தவர். இடுப்பில் துண்டோடுதான் ஊருக்குள் போக வேண்டும் என்றிருந்த காலம் அவருடையது.

குழுவின் பெயரில் இருக்கும் சொல் நமக்குப் புதிதல்ல. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் 'சாதிபேதமற்ற தமிழர்' என்று எழுதியதைத்தான் அவர்கள் ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டார்கள். தமிழ் இலக்கியம் எடுத்துப் படித்த நம்மில் பலரும் பண்டிதரைப் பாடத்திட்டத்துக்கு வெளியே தேடித்தான் படித்தோம். இந்தப் பையன்களில் பலர் ஒரு பாட்டுக்குழுவின் பெயரைத் தேடப் போய் அவரை அடைந்திருக்கிறார்கள்.

அன்று நாம் நின்ற பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நிற்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊர்த் திருவிழாவிலும் நாம் நின்றுதான் பார்த்திருக்கிறோம். கரகாட்டமானாலும் கச்சேரியானாலும், எந்தக் கோடு வரை நம் தெருக்காரர் நிற்கலாம் என்பது எழுதாமலே எல்லாருக்கும் தெரியும். அடிக்கிறவர் நம் ஆள். ஆனால் அவருக்கு முன்னால் ஆடும் இடம் நம்முடையதல்ல. கீழ்ப்பாக்கத்தில் நின்றது வேறு. முன்பின் தெரியாதவர் தோளோடு தோள் இடித்து, அவர் வியர்வை நம் சட்டையில் பட, இரண்டரை மணி நேரம். ஒருவர்கூட "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று கேட்கவில்லை. (நிகழ்ச்சி முடிந்து இரவு தங்க அறை தேடியபோது அந்தக் கேள்வி வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.)

நம் ஊரில் எல்லாருக்கும் இந்தக் கொண்டாட்டம் பிடித்துவிடவில்லை. தெருக்கோடியில் இருக்கும் பெரியப்பா ஒருவருக்கு எழுபது தாண்டிவிட்டது. இளவயதில் சாமேளம் அடித்தவர். இனி எந்தச் சாவுக்கும் போகமாட்டோம் என்று நம் தெரு முடிவெடுத்த வருடம், முதலில் பறையைக் கொண்டுவந்து நெருப்பில் போட்டவரும் அவர்தான். அதற்காக ஊரார் வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். கடையில் கடன் கொடுக்கவில்லை. பையன் ஒருநாள் செல்போனில் அந்தக் கச்சேரியைக் காட்டியபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இத வுட்டுத் தொலைக்க நாங்க பட்ட பாடு ஒனக்குத் தெரியுமாடா? நீ மறுபடியும் தோள்ல மாட்டிக்கிட்டு ஆடுறேங்கற."

"தாத்தா, அங்க யாரும் வா-ன்னு ஆள் அனுப்பல. அவங்களா வந்து அடிக்கிறாங்க."

"அவங்களாத்தான் வந்தாங்கன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

பையனிடம் இதற்குப் பதில் இல்லை. நம்மிடமும் சட்டென்று இல்லை. பறையை விட்டொழித்தால்தான் விடுதலை என்று ஒரு தலைமுறை போராடியது. அதைக் குறை சொல்ல யாருக்கும் தகுதியில்லை. பறையை இழிவாக்கியவன் எவனோ, அதற்காகக் கருவியை ஏன் விட வேண்டும் என்று கேட்டவர்களும் அதே காலத்தில் இருந்தார்கள். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையை எடுத்தார்கள். புத்தர் கலைக்குழு ஊர் ஊராகப் போய் வாசிக்கிறது, பயிற்சி தருகிறது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ வந்தது. இன்னொன்றையும் பெரியப்பாவிடம் சொன்னோம்: மார்கழி சபாக்களில் ஒலிக்கும் மிருதங்கத்திலும் மாட்டுத்தோல்தான் இருக்கிறது, தலைமுறை தலைமுறையாக அதைப் பதப்படுத்தி மூட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவக் குடும்பத்தினர். "அப்ப தோலுல தோஷம் இல்ல, தொடுற கையிலதான்னு சொல்லு" என்று சிரித்தார். ஆனால் கோபம் போகவில்லை.

பையனை 2021 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' நிகழ்ச்சிக்கு அழைத்துப் போனோம். அப்போது அவன் மேல்நிலைப் பள்ளியில் இருந்தான். நீலம் பண்பாட்டு மையம் நடத்தும் அந்த விழா அந்த ஆண்டு மதுரை, கோவை என்று தொடங்கிச் சென்னைக்கு வந்தது; அடுத்த ஆண்டு கோலார் தங்கவயலுக்கும் போனது. சென்னையில் மார்கழி என்றால் கச்சேரி சீசன். மியூசிக் அகாடமி 1928இல் தொடங்கியதிலிருந்து அந்த மாதத்துக்கு ஒரே வகை இசைதான் உரியது என்ற எண்ணம் படிந்துவிட்டது. அதே மாதத்தில் ஒப்பாரியையும் கானாவையும் பறையையும் ராப்பையும் மேடையேற்றியதுதான் இந்த விழாவின் துணிச்சல்.

அன்று பையன் கண்டுகொண்ட விஷயம் நம்மை வியக்கவைத்தது. "மாமா, போன்ல கேட்டப்ப பறை இப்படி இல்ல" என்றான். உண்மைதான். செல்போனின் சின்ன ஒலிபெருக்கியில் பறையின் அடிச்சத்தம் வரவே வராது. மேலே 'டப் டப்' என்கிற ஓசைதான் வரும். எதிரில் நின்றால் அடிக்குச்சி விழும் ஒவ்வொரு முறையும் நெஞ்செலும்பு அதிரும், சுண்டுக்குச்சி காதைக் கீறும். அப்படிப்பட்ட கருவியைக் கிடாரோடு சேர்த்து ஒலிக்கவைப்பது லேசான வேலையல்ல. பறைக்கு மைக்கே வேண்டாம், கிடாருக்கு மைக் இல்லாமல் முடியாது. எதிரெதிரான இரண்டையும் சமன்செய்கிற வேலை மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவருடையது. நம் ஊர் மைக்செட்காரர் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுப் பீடி பற்றவைக்கப் போவார். அங்கே ஒருவர் கடைசிவரை கண்ணெடுக்காமல் இருந்தார். அப்படியும் சில பாட்டுகளில் சொல் கேட்கவில்லை. சொல்லுக்காகவே எழுதப்பட்ட பாட்டில் சொல் கேட்காவிட்டால் அது குறைதான். முழக்கத்தையே பாட்டென்று பாடிவிடுகிற பலவீனமும் இந்தக் குழுக்களிடம் அவ்வப்போது இருக்கிறது. ரசிகன் என்பதற்காக இதையெல்லாம் சொல்லாமல் விட முடியாது.

மார்கழிப் பனியில் தோல் இறங்கிவிடும். ஊரில் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சுவார்கள். அரங்கத்துக்குள் தீ மூட்ட முடியுமா? அதனால் மேடைக் கலைஞர் பலர் ஃபைபர் பறைக்கு மாறியிருக்கிறார்கள். பையனுக்கு இதில் ஏமாற்றம். நமக்கு இல்லை. மழையிலும் பனியிலும் சுருதி இறங்காமல் வாசிக்க வேண்டியவருக்கு எது வசதியோ அதுதான் சரி.

காசு விஷயத்துக்கு வருவோம். 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' நம் பக்கத்துப் பம்புசெட்டு வரை ஒலித்தது. அறிவு எழுதிப் பாடியது. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவருடைய பாட்டி வள்ளியம்மாள் அதன் ஊற்று. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஆங்கில இசை இதழொன்றின் அட்டையில் இன்னொரு பாடகரோடு அப்பாட்டின் பாடகி தீ இருந்தார், அறிவு இல்லை. பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பிய பிறகே அவருக்கு இணைய அட்டை வந்தது. 2022இல் மாமல்லபுரத்துச் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அதே பாட்டு ஒலித்தது, அறிவு இல்லாமல். அவர் அப்போது அமெரிக்காவில் இருந்தார். யூடியூபில் நாற்பது கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்ட அப்பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் சொன்னார். சினிமாவில் பெயரெடுத்தவருக்கே இதுதான் நிலை என்றால், பாட்டை மட்டும் நம்பி வருகிற கானாப் பையனின் கதியை எண்ணிப் பாருங்கள். அவனுக்குக் கையில் காசு வருவது மேடையில்தான். சுவரொட்டியில் அவன் பெயர் இருக்க வேண்டும், பேசிய தொகை அன்றிரவே கைக்கு வர வேண்டும். சாமேளத்துக்கும் இந்த மேடைக்கும் என்ன வித்தியாசம் என்று பெரியப்பா கேட்டாரே, அதற்கு நமக்குக் கிடைத்த பதில் இதுதான்: அங்கே கூலியைச் சாவு வீட்டுக்காரர் தீர்மானித்தார், இங்கே தன் விலையைத் தானே சொல்லிவிட்டு, ஒத்துவராவிட்டால் வராமல் இருக்கலாம்.

எல்லாரும் அந்த மேடைக்கு முன்னால் வந்து நிற்க முடிகிறதா? பையனின் தங்கை அவனைவிட நன்றாகப் பாடுவாள். 2021இலும் வரவில்லை, பிறகும் ஒருமுறைகூட வந்ததில்லை. நிகழ்ச்சி முடிய இரவு பத்தாகும், திண்டிவனம் வந்து இறங்க ஒன்றரையாகும், அங்கிருந்து ஊருக்கு விடிந்தால்தான் பஸ். அக்காள் அனுப்ப மறுத்தாள்; நாமும் வற்புறுத்தவில்லை. சென்னையில் நடந்தால் போதும் என்று நினைக்கிற விழாக்காரர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. தொண்ணூறுகளில் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் தலித் கலைவிழா நடத்தியது. கிராமத்துக் குழுக்கள் வந்து ஆடிப்பாடின. அருணாசலப் பிரதேசத்தில் அபதானி பழங்குடியினர் வாழும் சீரோ பள்ளத்தாக்கில் 2012 முதல் இசைவிழா நடக்கிறது. நெல்வயல்களுக்கு நடுவே, மூங்கிலால் கட்டிய மேடை. நாடெங்கிலுமிருந்து இண்டிக் குழுக்களும் ரசிகர்களும் அந்த மலைக்கு ஏறிப் போகிறார்கள். அந்த மலைக்கே ஆள் போகும்போது, தேசிய நெடுஞ்சாலையிலேயே இருக்கும் நம் ஊருக்கு வரமாட்டார்களா என்று கேட்கிறான் பையன்.

கேட்டதோடு நிற்கவில்லை. வரும் ஏப்ரல் 14க்குக் கல்லூரி நண்பர்கள் ஏழு பேரைச் சேர்த்துக் குழு கட்டியிருக்கிறான். மூன்று தோல் பறை, இரண்டு ஃபைபர், இரவல் கிடார் ஒன்று. தங்கைதான் முதன்மைப் பாடகி. ஊரிலேயே நடப்பதால் அக்காளுக்கு மறுப்பில்லை. மேடையைக் காலனிக்குள் போடச் சொல்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் புறம்போக்குத் திடலில்தான் போடுவோம் என்கிறார்கள் பிள்ளைகள்; அங்கேதான் எல்லாத் தெருக்காரரும் வந்து நிற்க முடியும். ஒலிபெருக்கி அனுமதிக்கு மனு கொடுத்து மூன்று வாரமாகிறது. இரண்டு முறை போய்க் கேட்டும் பதில் இல்லை. இந்தத் திங்கட்கிழமை நாமும் உடன் போகிறோம்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சனிக்கிழமை இரவுகளில் ஒத்திகை நடக்கிறது. போன வாரம் பெரியப்பா அந்தப் பக்கமாக வந்தார். கொஞ்ச நேரம் நின்றார். "தோலு எறங்கிக் கெடக்குது, காய வெக்காம என்னாத்தடா அடிக்கிறீங்க" என்று திட்டிவிட்டுப் போய்விட்டார். பையன்கள் வைக்கோல் தேடி ஓடினார்கள்.