புயற்காலக் காற்றழுத்த வீழ்ச்சியும் தோல் தொழிற்பகுதியின் நிலத்தடித் தொட்டிகளும்

முன்னுரை

புயல் குறித்த பேச்சில் காற்றின் வேகமும் மழையின் அளவுமே முதன்மை பெறுகின்றன. அவற்றோடு நிகழும் காற்றழுத்த வீழ்ச்சி புலன்களுக்கு எட்டாததால் கவனம் பெறுவதில்லை. பாலாற்றுப் படுகையிலுள்ள வேலூர், ஆம்பூர் தோல் தொழிற்பகுதியில் இவ்வீழ்ச்சி ஏன் கருதத்தக்கது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அழுத்த வீழ்ச்சியின் இயல்பு

கடல்மட்டத்தில் சராசரிக் காற்றழுத்தம் 1013 ஹெக்டோபாஸ்கல். வெப்பமண்டலத்தில் இது நாள்தோறும் இருமுறை சில ஹெக்டோபாஸ்கல் அளவு ஏறி இறங்கும். புயல் நெருங்கும்போது இவ்வொழுங்கு குலைந்து, அழுத்தம் தொடர்ந்து சரியும். 1999ஆம் ஆண்டு ஒடிசாப் புயலின் மையத்தில் அது 912 வரை தாழ்ந்தது. 2020 நவம்பர் 25 நள்ளிரவையொட்டி மரக்காணம் அருகே கரையைக் கடந்த நிவர் புயல், வடமேற்காக நகர்ந்து வலுவிழந்தது. உள்நாட்டில் புயற்காற்று தணியினும், தாழ்வழுத்தம் உடனே மறைவதில்லை. ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகச் சில மணிநேரமேனும் நீடிக்கிறது.

தொட்டிகளில் நிகழ்வது

தோலின் மயிர் நீக்கத்திற்குச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் பயன்படுகின்றன. சல்பைடு கலந்த கழிவுநீர் அமிலத்தோடு சேரும்போதும், ஆக்சிஜனற்ற கசட்டில் நுண்ணுயிர்கள் செயற்படும்போதும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகிறது. இது காற்றைவிடக் கனமானது; ஆதலின் குழிகளில் தேங்கும்.

வெளியழுத்தம் குறைந்தால் உள்ளிருக்கும் வாயு விரிவடையும். 10 ஹெக்டோபாஸ்கல் வீழ்ச்சி ஏறத்தாழ 1 விழுக்காடு ஆகும். எனவே வாயு நிறைந்த 100 கனமீட்டர் வெற்றிடத்திலிருந்து சுமார் 1 கனமீட்டர் வெளியேறும். இவ்வளவு சிறிதெனத் தோன்றலாம். ஆனால் காற்றில் பத்து இலட்சத்தில் 100 பங்கு ஹைட்ரஜன் சல்பைடே உயிருக்கு ஆபத்தானது. அச்செறிவில் நுகர்வுணர்வு மரத்துப்போவதால், நாற்றம் இல்லாமை பாதுகாப்பின் அடையாளமாகாது.

இங்கிலாந்தின் லோஸ்கோ என்னும் ஊரில் 1986 மார்ச் 24 அன்று இவ்விதியின் கடுமை வெளிப்பட்டது. 7 மணிநேரத்தில் அழுத்தம் 29 ஹெக்டோபாஸ்கல் குறைந்தது. மூடப்பட்ட குப்பைக்கிடங்கின் எரிவாயு நிலத்தடியே பரவி, அருகிருந்த வீடொன்றில் வெடித்தது, மூவர் படுகாயமுற்றனர். அங்கு வாயு மீத்தேன், இங்கு ஹைட்ரஜன் சல்பைடு. வெளித்தள்ளும் விசை ஒன்றே.

முடிவுரை

தொட்டி மரணங்களுக்கு முதற்காரணம் காற்றழுத்தம் அன்று. பாதுகாப்பின்றி மனிதரை உள்ளே இறக்குவதும், கசடு கிளறப்படுவதுமே. கழிவுநீர்த் தொட்டிகளில் மனிதரை அவ்வாறு இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. அழுத்த வீழ்ச்சி இவ்வாபத்தை மிகுவிக்கும் துணைக்காரணம். மழைக்கு முன்னர்த் தொட்டிகளைத் துப்புரவாக்க முனையும் நேரமும் அழுத்தம் சரியும் நேரமும் ஒன்றாக அமையக்கூடும் என்பதே கவலைக்குரியது. ஆகவே மழை எச்சரிக்கையோடு மூன்று மணிநேர அழுத்த மாற்றத்தையும் ஆலைகளும் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் கண்காணித்து, அழுத்தம் சரியும் வேளையில் தொட்டிகளைத் திறக்காதிருத்தல் வேண்டும்.