மூட்டைக்கு ஒரு பரீட்சை

கட்டிலுக்கு அடியில் தூங்கும் அவசரகாலப் பை ஆபத்தில் கைகொடுக்குமா? 2013 ஜூன் வெள்ளத்தில் கேதார்நாத் யாத்ரீகர்கள் நாள்கணக்கில் சிக்கித் தவித்தார்கள். அந்த உத்தரகண்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நவம்பரில், மலைக்கிராமம் ஒன்றின் ஓரமாக, நாலைந்து நண்பர்கள், இரண்டு இரவு, கூடாரத்தில். நிபந்தனை ஒன்றுதான்: பையில் இருப்பதைக் கொண்டே பிழைக்க வேண்டும். (ஜீப் கூப்பிடு தூரத்தில் நிற்கட்டும். பரீட்சை பைக்குத்தான்.)

குளோரின் மாத்திரை போட்ட தண்ணீரைக் குடிக்க அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். நீர் ஜில்லென்றிருந்தால் இன்னும் அதிகம். தாகத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. குளிர் பூஜ்யம் டிகிரியைத் தொட்டால் பியூட்டேன் அடுப்பு மக்கர் செய்யும். அரிசி, பருப்பு சுமந்து வந்தவர்கள் அப்போது அவலும் வெல்லமும் வைத்திருப்பவரைத்தான் தேடுவார்கள். டார்ச்சுக்கு மாற்று பேட்டரி? அது அநேகமாக வீட்டு அலமாரியில் இருக்கும்.