மாணவரும் கப்பற்பணியும்



முல்லைத்தீவின் கிழக்கே வங்கக் கடல். பூநகரியின் மேற்கே பாக்கு நீரிணை. வன்னியின் நான்கு மாவட்டங்களுள் வவுனியா ஒன்றே கடற்கரை இல்லாதது. எனினும், எம் மாணவரிடம் எதிர்காலத் தொழில் யாதென வினவினால், ஆசிரியர், மருத்துவர், பொறியியலாளர் என்ற விடைகளே பெரும்பாலும் வருகின்றன. கடல் என்றவுடன் வள்ளமும் வலையும் நினைவுக்கு வருமேயன்றி, வணிகக் கப்பல் நினைவுக்கு வருவதில்லை.

இஃது எம்மவர்க்குப் புதிய தொழிலன்று. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், அவ்வூர் மாலுமிகளுடன் பெருங்கடல் கடந்து, 1938 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அமெரிக்காவின் குளொஸ்டர்த் துறைமுகத்தை அடைந்தது. அக்காலத்தில் இளைஞர் மூத்தோருடன் கடலிற் சென்றே தொழில் பழகினர். இன்று துணிவு மட்டும் போதாது. மாலுமிகளின் பயிற்சி, சான்றிதழ் பற்றிய 1978 ஆம் ஆண்டின் சருவதேசச் சமவாயம் விதித்த பயிற்சிகளைப் பெறாத எவரும் கப்பலில் ஏற இயலாது. உயிர் தப்பும் முறை, தீயணைப்பு, முதலுதவி, தற்பாதுகாப்பு ஆகியன அவற்றுள் அடிப்படையானவை.

உலகில் ஏறத்தாழ 18 இலட்சத்து 90 ஆயிரம் கப்பற்பணியாளர் உளர் என்றும், 2026 ஆம் ஆண்டளவில் மேலும் 89,510 அதிகாரிகள் வேண்டப்படுவர் என்றும் கப்பற்றுறை அமைப்புகள் 2021 இல் மதிப்பிட்டன. அப்பணியாளருள் பெண்கள் நூற்றுக்கு இருவர் அளவுகூட இல்லை. ஆகவே, இடம் உண்டு. அவ்விடத்துக்கு எம் பிள்ளைகளை ஆயத்தஞ் செய்வது எங்ஙனம்?

இம்முயற்சி உயர்தரப் பரீட்சை முடிந்த பின்னர்த் தொடங்குவதன்று. ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளிலேயே தொடங்க வேண்டும். அதிகாரிப் பயிற்சிக்குப் பொதுவாகக் கணித அல்லது விஞ்ஞானக் கல்வியும், கப்பலிற் பேசிப் புரிந்துகொள்ளத்தக்க ஆங்கிலமும் வேண்டும். கண் பரிசோதனை முதலிலேயே செய்யப்படல் வேண்டும். செந்நிற விளக்கையும் பச்சை விளக்கையும் வேறுபிரித்து அறிய இயலாதவர் இரவிற் கப்பலைச் செலுத்தும் காவற்பணிக்கு ஏற்கப்படார். பணங் கட்டிய பின்னர் இதனை அறிவது பெருந்துன்பம்.

சேர்ந்தவர் இடையில் விலகுவதற்கு இரு காரணங்கள் முதன்மையானவை. ஒன்று, கப்பல் கிடையாமை. பயிற்சித் திட்டத்திற் சேர்ந்த தள அதிகாரி மாணவர் குறைந்தது 12 மாதம் கடலிற் பணியாற்றிப் பயிற்சிப் பதிவேட்டை நிறைவு செய்தல் வேண்டும். வகுப்பறைக் கல்வியை முடித்தும் ஏறுவதற்குக் கப்பலின்றிக் காத்திருப்போர் மனந்தளர்ந்து வேறு தொழில் நாடுகின்றனர். எனவே, "என் பிள்ளையை எந்தக் கப்பல் ஏற்கும்?" என்று பெற்றார் பணங் கட்டுமுன் கேட்டறிதல் வேண்டும்.

மற்றது தனிமையும் களைப்பும். பல மாதம் வீட்டைக் காண இயலாது. நல்லூர்த் திருவிழாவும் தைப்பொங்கலும் கடலிலேயே கழியும். இதனை முன்னரே உரைத்தால் மாணவர் அஞ்சி விலகுவர் என்பாருமுளர். விலகுவோர் வகுப்பறையிலேயே விலகுதல் நன்று. காணியை ஈடுவைத்துச் சென்றவன் கப்பலிலிருந்து விலகினால் குடும்பமே கடனில் வீழும்.

கடமையோடு உரிமையையும் கற்பிப்போம். 2006 ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயத்தின்படி, வேலை பெற்றுத் தருவதற்கென மாலுமியிடம் கட்டணம் அறவிடலாகாது. மருத்துவச் சான்றிதழ், கடவுச்சீட்டு, மாலுமிப் பதிவேடு ஆகியவற்றின் செலவே அவருடையது. ஆதலால், வேலைக்கென இலட்சக்கணக்கிற் பணங் கேட்கும் தரகரை நம்பற்க. நாளொன்றுக்குப் பத்து மணி நேர ஓய்வும் அச்சமவாயம் தரும் உரிமையே.

கொழும்பிலுள்ள வணிகக் கப்பற்றுறைச் செயலகத்தில் விசாரித்தால், அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையங்கள் எவை என அறியலாம். அவ்விவரத்தை அறிந்து மாணவர்க்குக் கூறுவது ஒவ்வொரு பாடசாலையின் கடமை. கடலின் ஊதியத்தோடு அதன் கடுமையையும் அறிந்து செல்லும் மாணவனே அப்பணியில் நிலைப்பான்.