வேப்பிலை ஆய்வும் புற்றுநோய் விளம்பரமும்

"இந்தப் பொடி புற்றுநோயைக் கரைத்துவிடும், ஆராய்ச்சியிலேயே நிரூபித்துவிட்டார்கள்." வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் ஊருக்குள் வரும் விற்பனையாளர் பேச்சிலும் இது ஓயாமல் கேட்கிறது. காஞ்சிபுரம் மாவட்டம் காவாந்தண்டலத்திலோ, உத்திரமேரூர் வட்டத்தின் வேறு ஊர்களிலோ ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்ததும், அக்கறையோடு யாராவது இதைச் சொல்லத்தான் செய்வார்கள். ஆராய்ச்சி நடந்தது உண்மை. அதைக் காட்டி விற்கும் வாக்குறுதி பொய்.

ஆய்வு சொன்னது என்ன?

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியராகப் பணியாற்றிய எஸ். நாகினி, வேம்பு, பூண்டு, தக்காளி, தேயிலை ஆகியவற்றிலுள்ள ஆன்டி-ஆக்சிடன்ட்களை (செல் சிதைவைத் தடுக்கும் பொருட்களை) நெடுங்காலம் ஆராய்ந்தவர். வெள்ளெலியின் கன்னப்பையில் டிஎம்பிஏ என்ற ரசாயனத்தைத் தொடர்ந்து தடவினால் அங்கே புற்றுக்கட்டி வளரும். மனிதருக்கு வரும் வாய்ப்புற்றை அது பெரிதும் ஒத்தது. நாகினி குழுவின் சோதனையில், வேப்பிலைச் சாறு கொடுத்த விலங்குகளுக்குக் கட்டிகள் குறைந்தன. வேம்பிலுள்ள நிம்போலைடு புற்றுசெல்கள் பெருகுவதைத் தடுப்பதையும் அவருடைய குழு காட்டியது.

மதிப்புமிக்க அறிவு இது. ஆனால் சோதிக்கப்பட்டவை விலங்குகள். சாறு துல்லியமாக அளந்து கொடுக்கப்பட்டது. ஏற்கெனவே நோய் முற்றிய மனிதரை வேப்பிலைப் பொடி குணமாக்கும் என்று அந்த ஆய்வுகள் சொல்லவில்லை.

மனிதரிடம் சோதித்தபோது

பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வெளியானது. கேரட்டில் உள்ள ஆன்டி-ஆக்சிடன்டான பீட்டா கரோட்டினை மாத்திரையாக விழுங்கியவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த இதுபோன்ற ஆய்வையும், தீங்கு தெரிந்ததால் 1996-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஆன்டி-ஆக்சிடன்ட் நல்ல செல்லை மட்டும் தேடிப்பிடித்துக் காப்பாற்றுவதில்லை. புற்றுசெல்லுக்கும் அதே பாதுகாப்பைத் தந்துவிடக்கூடும். கதிர்வீச்சும் சில கீமோ மருந்துகளும் பெருமளவு, வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கொண்டே புற்றுசெல்லைக் கொல்கின்றன. அந்த நேரத்தில் அதிக அளவில் ஆன்டி-ஆக்சிடன்ட் எடுத்தால் சிகிச்சையின் பலன் குறையலாம்.

செடியிலிருந்து புற்றுநோய் மருந்து வந்ததே இல்லையா என்றால், வந்திருக்கிறது. வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் 1958-இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். அதே செடி தந்த வின்கிரிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு முக்கிய மருந்து. சுத்திகரித்து, அளவு கண்டு, மனிதரிடம் முறைப்படி சோதித்த பிறகே அது மருந்தானது. அந்த இலையைக் கஷாயம் வைத்துக் குடிப்பது ஆபத்து.

ஆபத்து எங்கே?

கீரையும் நெல்லியும் குழம்பில் போடும் மஞ்சளும் நல்ல உணவு; தாராளமாகச் சாப்பிடலாம். அடர்த்தியான சாறு, மாத்திரை, பொடி ஆகியவற்றில்தான் கவனம் வேண்டும். மஞ்சள் மாத்திரையாலும் பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரையாலும் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது. எதை எடுத்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சித்த மருந்து எடுக்க விரும்பினால் பதிவுபெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள். புற்றுநோய் மருத்துவருக்கும் அது தெரியட்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து, சிகிச்சையை நிறுத்துவது. நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவாத நிலையில் இருந்தும் மாற்று வைத்தியத்தை மட்டுமே நம்பிய அமெரிக்க நோயாளிகளுக்கு இறப்பு அபாயம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைப்போல் 2.5 மடங்கு என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது.

சட்டம் உங்கள் பக்கம்

1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டப்படி, புற்றுநோயைக் குணமாக்குவதாகவோ தடுப்பதாகவோ மருந்துக்கு விளம்பரம் செய்வது குற்றம். துண்டறிக்கை, டப்பாவின் லேபிள், வாய்மொழி அறிவிப்பு எல்லாமே இதில் அடங்கும். முதல்முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. உண்மையைச் சரிபார்க்காமல் அந்தப் பொருளைப் பரிந்துரைத்த பிரபலமும் தப்ப முடியாது.

ஏமாந்திருந்தால் டப்பாவையும் பில்லையும் பணம் அனுப்பிய விவரத்தையும் பத்திரமாக வையுங்கள், விளம்பரத்தைப் படம்பிடியுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம்.

சிகிச்சைக்கு எங்கே போவது?

காஞ்சிபுரம் அருகே காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு பதிவு செய்யுங்கள். விவரத்துக்கு 1800 425 3993. மருத்துவ ஆலோசனைக்கு 104. மருத்துவப் பதிவேடுகளின் நகலைக் கேட்டுப் பெறுவதும், இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் நோயாளியின் உரிமை.

மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்றபின் ரத்தப்போக்கு, மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண் இவற்றில் எது இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உடனே காட்டுங்கள். புகையிலையை விட்டுவிடுங்கள், வாய்ப்புற்றைத் தடுப்பதில் எந்த மூலிகைப் பொடியும் அதற்கு ஈடாகாது.