மம்பட்டி பிடித்த உடம்பும் பெருங்குடலும்

“தோட்டத்துல பாடுபடுறவனுக்கு எதுக்குங்க நடைப்பயிற்சி?” திண்டுக்கல் பக்கம் நம்ம ஆட்கள் கேட்பது இதுதான். நியாயமான கேள்வி. ஆனால் இன்று உழவு டிராக்டரில், பாசனம் சொட்டுநீரில், தோட்டத்துக்குப் போவதும் வண்டியில். கமலை இறைத்த காலத்து உழைப்பு இப்போது ஏது?

உடலுழைப்பு உள்ளவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைவு எனப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. உழைக்கும் உடம்பில் இன்சுலின் கட்டுக்குள் நிற்கும், உள்அழற்சி தணியும், தொப்பை சேராது. நோய் வந்தவர்களுக்கும் பலன் உண்டு. 2025இல் வெளியான ஆய்வில், அறுவையும் கீமோவும் முடித்த 889 பேர் பங்கேற்றார்கள். மூன்றாண்டு பயிற்றுநர் துணையோடு உடற்பயிற்சி செய்தவர்களில் எட்டாண்டு முடிவில் நூற்றுக்கு 90 பேர் உயிரோடு இருந்தார்கள். நலவாழ்வுக் குறிப்பேடு மட்டும் பெற்றவர்களில் 83 பேர்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு. களை வெட்டுவதும் மூடாக்குப் போடுவதும் இதில் சேரும். தோட்டத்துக்கு நடந்தே போங்க.

ஆனா ஒண்ணு. உழைக்கிறவனுக்கு வரவே வராதுன்னு இல்ல. மலத்தில் ரத்தம் கண்டால் ‘மூலச்சூடு’ன்னு தள்ளிப்போடாம, உடனே அரசு மருத்துவமனையில் காட்டுங்க.