18 மணி நேரம் தரையிறங்காத விமானம்... ஒரு நாளையே விழுங்கும் பயணம்!

தற்போது உலகின் மிக நீண்ட இடைநில்லா பயணிகள் விமானச் சேவை, சிங்கப்பூர் சாங்கி – நியூயார்க் ஜே.எஃப்.கே. தூரம் சுமார் 15,300 கி.மீ. பயண நேரம் 18 மணி நேரத்துக்கும் மேல்!

2020 நவம்பரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தொடங்கிய சேவை இது. எடையைக் குறைக்க, ஏர்பஸ் ஏ350 விமானத்தில் 161 இருக்கைகள்தான். எகானமி வகுப்பே கிடையாது.

கடிகாரக் கணக்குதான் வேடிக்கை. நியூயார்க் நேரம் 12 மணி நேரம் பின்தங்கியது, குளிர்காலத்தில் 13. அதனால் நள்ளிரவு 12 மணிக்கு சிங்கப்பூரில் கிளம்பினால், அதே நாள் காலையில் நியூயார்க்! திரும்பும்போது திங்கள் இரவு 10 மணிக்குக் கிளம்பினால், புதன் விடிகாலைதான் சிங்கப்பூர். செவ்வாய் முழுக்க வானத்திலேயே போய்விடும்.

இவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்தால் கால் ரத்தக்குழாய்களில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு. எனவே, நீண்ட பயணம் செல்பவர்கள் அவ்வப்போது எழுந்து நடப்பது அவசியம்.